எல்லோர் முகமும் தெரியட்டும்

(நூற்றாண்டு மலருக்கான படங்களைச் சேகரித்து வந்த காலத்தில், பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் மலரின் படக்குழுவினர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதிருந்த, கடல் கடந்து வாழும் சகோதரிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கு தரப்படுகிறது.)

 

கைத்தொலைபேசியில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று பேச வேண்டும் என்று தலைவி கேட்டபோது நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஒருவர் வங்கியில் வேலை செய்தவர். மற்றவர் தாதியாகப் பணியாற்றியவர். படம் எடுக்கும் கலையை முறையாகப் பயின்றவர் எங்களில் ஒருவருமில்லை. எங்களுக்கிருக்கும் ஒரே தகுதி, கடந்த பத்து மாதங்களாக மலருக்கென நீங்கள் அனுப்பிய படங்களை ஒன்றுவிடாமல் பார்த்ததுதான். அப்படிப் பார்த்ததில், எது அச்சில் வரும், எது வராது, ஏன் வராது என்பது கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்கு விளங்கத் தொடங்கியது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறொன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு, எங்களுக்கு ஆரம்ப வகுப்பில் அரிச்சுவடி சொல்லித்தந்த, தொண்ணூறு வயதைக் கடந்த ரீச்சர் ஒருவரைப் பார்க்க நாங்கள் பதினொரு பேர் அவரது வீட்டுக்குப் போனோம். நாங்கள் வருகிறோம் என்று அறிந்து, விறாந்தையில் கதிரை போட்டு, வெள்ளைச் சேலை உடுத்தி, காலை முதல் காத்திருந்தார். எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவரிடம், “நீ இப்பவும் ளகரத்தையும் ழகரத்தையும் மாறித்தான் எழுதிறியோ பிள்ளை?” என்று கேட்டார். அந்தப் ‘பிள்ளை’க்கு வயது அறுபத்திரண்டு. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பதினொரு பேரும் பதினொரு கைத்தொலைபேசிகளை வெளியே எடுத்தோம். வீடு திரும்பும்போது எங்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன.

நான்கு மாதங்களின் பின் ரீச்சர் காலமானார். மலரில் அவருக்கென ஒரு பக்கம் ஒதுக்கினோம். அந்தப் பக்கத்துக்குப் படம் தேடியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இருந்தவை பெரும்பாலும் செல்ஃபிகள். எங்கள் முகங்கள் முன்னால் பெரிதாக இருந்தன; ரீச்சர் பின்னால், ஓரத்தில் சிறிதாக இருந்தார். அவருக்குப் பின்னே வெயில் எறிக்கும் முற்றம். ஆகவே அவரது முகம் இருண்டு கிடந்தது. ஒன்றில் கண் மூடியிருந்தார். இன்னொன்றில் அவரது பாதி முகத்தை எங்களில் ஒருவரின் தோள் மறைத்தது. அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கை ஆடியதால் கலங்கிப்போயிருந்தது. அவரைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். ஆனால் படம் எடுக்கும் நேரத்தில் திரையில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

கடைசியில் அந்தப் பக்கத்துக்குக் கைகொடுத்தது 1960களில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைக் குழுப்படம். ஏறத்தாழ நாற்பது பேர் இருக்கிற அந்தப் படத்தில் இளம் ஆசிரியையாக ரீச்சர் நடுவரிசையில் இருக்கிறார். முகம் ஒரு விரல் நகத்தின் அளவுதான். ஆனாலும் பெரிதாக்கியபோது அவரது மூக்குத்தி தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

எங்கள் பையில் இருக்கும் கருவிகள் அந்தக் காலத்துக் கமராவைவிடப் பல மடங்கு வல்லமை உள்ளவை. அப்படியிருக்க, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய படத்தில் ரீச்சர் தெரிகிறார். சென்ற ஆண்டுப் படங்களில் தெரியவில்லை. ஏன்? இந்தக் கேள்விதான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அந்தப் படத்தை எடுத்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போன்ற ஸ்ரூடியோக்காரர் ஒருவரை மூத்த அக்காமாருக்கு நினைவிருக்கும். ஆண்டுக்கொரு முறை முக்காலி, பெட்டிக் கமரா, கறுப்புத் துணி சகிதம் வருவார். வந்தவுடன் படம் எடுக்க மாட்டார். மண்டபத்தைச் சுற்றி ஒரு தடவை நடப்பார். வாங்குகளை இங்கே போடு, அங்கே போடு என்பார். சின்னப் பிள்ளைகளைப் பாயில் இருத்தி, ஆசிரியைகளைக் கதிரையில் அமர்த்தி, உயரமானவர்களை வாங்கின்மேல் ஏற்றுவார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பிலிம் விலை கூடியது; ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவைதான் எடுப்பார். எங்களைப் போல நூறு எடுத்து ஒன்றாவது சரிவரும் என்று அவர் இருக்க முடியாது.

அவர் செய்த காரியங்களை ஒன்றொன்றாக நினைவுபடுத்தினால் போதும். இன்றைய பாடம் அதற்குள் அடங்கிவிடும்.

முதலாவது, அவர் கமராவின் வில்லையைத் துடைத்தார். நாங்கள் துடைப்பதில்லை. கைத்தொலைபேசி எங்கள் கைப்பைக்குள் பவுடரோடும் சில்லறைக் காசோடும் கிடக்கிறது. குசினியில் எண்ணெய்க் கையால் எடுக்கப்படுகிறது. விரல் பட்ட எண்ணெய் மெல்லிய படலமாக வில்லையில் படிந்துவிடும். பிறகு விளக்கைச் சுற்றிப் புகை மண்டியது போலவும் முகங்கள் பால் ஊற்றியது போலவும் வரும். “என்ர போன் பழசாப் போச்சு” என்று சொன்ன மூன்று பேருடைய தொலைபேசிகளை வாங்கி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துக் கொடுத்தோம். மூன்றும் புதிதாகிவிட்டன. மென்மையான பருத்தித் துணி போதும். சரிகை வைத்த சேலைத் தலைப்பு வேண்டாம்; வில்லையில் கீறல் விழுந்துவிடும்.

இரண்டாவது, அவர் வெளிச்சத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தார். போட்டோகிராபி என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ஒளியால் எழுதுதல் என்பதுதான் பொருள். எழுதுவது வெளிச்சமானால், அது எங்கிருந்து வருகிறது என்பதை நாம் முதலில் பார்க்க வேண்டும். பொது விதி எளிது: வெளிச்சம் படம் எடுப்பவரின் பின்புறமிருந்து, அல்லது பக்கவாட்டிலிருந்து, எடுக்கப்படுபவரின் முகத்தில் விழ வேண்டும். எடுக்கப்படுபவருக்குப் பின்னால் வெயிலோ திறந்த யன்னலோ இருந்தால் முகம் கறுத்துப்போகும். அன்று விறாந்தையில் ரீச்சர் முற்றத்துக்கு முதுகு காட்டி இருந்தார். அவரது கதிரையை முற்றத்தைப் பார்க்கத் திருப்பியிருந்தால் போதும். அரை நிமிட வேலை. அதை நாங்கள் செய்யவில்லை.

நம் நாட்டு நண்பகல் வெயில் படத்துக்கு ஆகாது. உச்சியிலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்குழிகள் இருண்டுபோகும். எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். காலை எட்டு, எட்டரை மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் வரும் சாய்ந்த வெளிச்சம் நல்லது. விழா பன்னிரண்டு மணிக்குத்தான் முடிகிறது என்றால், கட்டடத்தின் நிழற்பக்கத்துக்குப் போய், திறந்த வெளியை நோக்கி எல்லோரையும் நிறுத்துங்கள். மரத்தடி நிழல் குளிர்ச்சியானதுதான், ஆனால் இலைகளுக்கிடையால் விழும் வெயில் முகத்தில் வெள்ளைப் பொட்டுகளாக விழும். வேம்பின் கீழ் எடுத்த ஒரு படத்தில் எங்கள் பொருளாளருக்கு மூன்று நெற்றிப் பொட்டுகள் இருந்தன.

வீட்டுக்குள் எடுப்பதானால் யன்னலருகே ஒரு கதிரையைப் போட்டு, முகம் யன்னல் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கும்படி அமர்த்துங்கள். ரியூப் லைற்றை அணைத்துவிடுங்கள். இரு வகை வெளிச்சமும் கலந்தால் தோலின் நிறம் மாறிவிடும். பிளாஷை நம்ப வேண்டாம். தொலைபேசியின் சின்ன விளக்கு சில மீற்றர் தூரத்துக்கு மேல் பயன் தராது. பரிசளிப்பு விழாவில் பதினைந்தாம் வரிசையிலிருந்து பிளாஷ் அடித்தால், மேடையிலிருக்கும் மகளுக்கு அது எட்டாது. முன் வரிசை அம்மாவின் கொண்டைதான் பளிச்சென்று விழும்.

மூன்றாவது, அவர் முகங்களைப் பார்த்தார். எங்கள் தொலைபேசிக்கு எது முக்கியம் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். படம் எடுக்குமுன் திரையில் அந்த முகத்தை ஒரு தடவை விரலால் தொடுங்கள். தொட்ட இடத்தில் படம் கூர்மையாகும். வெளிச்சத்தையும் அந்த இடத்துக்கேற்ப எடுத்துக்கொள்ளும். தொட்டவுடன் பல தொலைபேசிகளில் ஒரு சிறு சூரியன் அடையாளம் தோன்றும். அதை மேலே நகர்த்தினால் படம் வெளிக்கும். கீழே நகர்த்தினால் இருளும்.

இது நமக்கு மிகவும் வேண்டிய பாடம். ஏனென்றால் நம் கல்லூரிப் படங்கள் எல்லாம் வெள்ளைச் சீருடைப் படங்கள். தொலைபேசி, காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயலும். வெயிலில் ஐம்பது வெள்ளைச் சீருடைகளைக் கண்டதும், வெளிச்சம் மிதமிஞ்சிவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கும். சீருடை சாம்பல் நிறமாகும். பிள்ளைகளின் முகம் இருண்டு போகும். ஒரு முகத்தைத் தொட்டு, சூரியனைச் சற்று மேலே நகர்த்துங்கள். மேடையின் கருந்திரைக்கு முன் நடனமாடும் பிள்ளையை எடுக்கும்போது இதற்கு மாறாகக் கீழே நகர்த்துங்கள். இல்லாவிட்டால் முகம் வெளிறிப்போய்விடும்.

நான்காவது, அவர் முக்காலி வைத்திருந்தார். நமக்கு முக்காலி வேண்டாம். ஆனால் ஆடாமல் பிடிக்க வேண்டும். இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். தூண் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். குத்துவிளக்கு ஏற்றும் வேளை போன்ற மங்கல் வெளிச்சத்தில் தொலைபேசி கூடிய நேரம் வெளிச்சத்தைச் சேர்க்கும். அந்த நேரத்தில் ஆடினால் கலங்கிவிடும். கை நடுங்குகிறது என்று சொல்லும் அக்காமாருக்கு ஒரு வழி உண்டு. மூன்று வினாடி ரைமரை வைத்துவிட்டு, பொத்தானைத் தொட்டதும் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். படம் தானே எடுபடும்.

தூரத்திலிருப்பதை இரு விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். தூரக் காட்சிக்கென்று தனி வில்லை இல்லாத தொலைபேசியில் அது உண்மையில் பெரிதாக்குவதல்ல. படத்தின் நடுவை வெட்டி ஊதிக்காட்டுவது. கால்கள் இருக்கின்றன, நான்கு அடி முன்னால் நடந்து போவோம்.

ஐந்தாவது, அவர் ஆட்களை ஒழுங்குபடுத்தினார். குழுப்படத்தில் எல்லோரையும் அடக்க வேண்டும் என்று 0.5 என்ற அகல வில்லைக்குப் போகாதீர்கள். அது ஓரத்தில் நிற்பவர்களை இழுத்து அகலமாக்கிவிடும். பிறகு அந்த அக்கா ஓராண்டுக்கு எங்களோடு கதைக்க மாட்டார். 1 என்ற அடையாளத்திலேயே வைத்துக்கொண்டு பின்னால் நகருங்கள். ஆட்களை இரண்டு மூன்று வரிசையாக்குங்கள். தலைக்குப் பின்னால் கம்பமோ தென்னையோ முளைக்கிறதா என்று பாருங்கள். கதிரையில் இருக்கும் முதியவரையும் சிறு பிள்ளையையும் நின்றபடி மேலிருந்து எடுக்காமல், அவர்கள் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். முப்பது பேர் நின்றால் ஒருவராவது கண் சிமிட்டியே தீருவார். ஆகவே ஐந்து தடவை எடுங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்லி எடுத்தபின் உடனே கையை இறக்க வேண்டாம். “முடிஞ்சுது” என்றதும் எல்லோரும் உடலைத் தளர்த்திச் சிரிப்பார்களே, அதுதான் உண்மையான சிரிப்பு. அதையும் எடுத்துவிடுங்கள்.

ஆறாவது காரியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறோம். அதற்கு முன் பழைய படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த மண்டபத்தில் இருக்கும் பலருடைய வீடுகளில் 1995க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் குடாநாட்டின் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் புறப்பட்டு நடந்தபோது, கையில் எடுத்தவை காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் உடுப்பும்தான். அல்பங்கள் அலுமாரியிலேயே இருந்துவிட்டன. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை. கிழக்குக் கரையோரத்துச் சகோதரிகள் சிலரின் வீட்டுப் படங்களை 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் கொண்டுபோயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது என்னவெல்லாம் போயின என்று நம் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இன்று எவருடைய றங்குப் பெட்டியிலாவது ஒரு கல்லூரிப் படம் தப்பிக் கிடக்குமானால், அது அந்த வீட்டின் படம் மட்டுமல்ல. அதில் நிற்கும் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் உரியது.

இதை எங்களுக்கு உணர்த்தியது ஒரு வலைப்பந்தாட்டக் குழுப்படம். ரொறன்ரோவிலிருக்கும் ஒரு மூத்த அக்காவின் பேத்தி அனுப்பியது. 1950களில் எடுத்தது. சுவரில் மாட்டியிருந்த சட்டத்தோடு, பிளாஷ் போட்டு எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடியில் பிளாஷ் பட்டு, நிற்பவர்களில் இரண்டாவது பிள்ளையின் முகம் இருக்குமிடத்தில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. “திரும்ப ஒருக்கா எடுத்து அனுப்புங்கோ” என்று கேட்டு, எப்படி எடுப்பதென்றும் எழுதினோம். அந்தப் பிள்ளை சட்டத்திலிருந்து படத்தை மெதுவாக எடுத்து, யன்னலருகே வைத்து எடுத்து அனுப்பினார். இம்முறை ஒன்பது முகங்களும் தெரிந்தன. அம்மம்மாவுக்கு இப்போது பல விடயங்கள் நினைவில் இல்லை. ஆனாலும் திரையில் அந்த முகத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் உடனே பெயரைச் சொன்னாராம். வீட்டு ஒழுங்கையையும் சொன்னாராம்.

அந்தப் பெயரை வைத்துத் தேடினோம். அவர் இளம் வயதிலேயே இறந்துபோனவர். அவரது தங்கை வவுனியாவில் இருக்கிறார். இடப்பெயர்வில் வீட்டுப் படங்கள் அனைத்தையும் இழந்தவர். அவருக்குப் படத்தை அனுப்பினோம். அன்றிரவு தொலைபேசியில் எடுத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அக்காவின்ர முகம் எனக்கு மறந்துகொண்டு போகுது எண்டு பயந்துகொண்டிருந்தனான்” என்றார்.

பிளாஷை அணைத்ததும் யன்னலருகே வைத்ததும்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆகவே பழைய படத்தைப் படமெடுக்கும் முறையைச் சொல்கிறோம், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நேர் வெயில் விழாத, நல்ல வெளிச்சமுள்ள யன்னலருகே மேசையைப் போடுங்கள். படத்தை ஒரே நிறமுள்ள துணியில் அல்லது கடதாசியில் தட்டையாக வையுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம், அறை விளக்கும் வேண்டாம். தொலைபேசியைப் படத்துக்கு நேர்மேலே, சாயாமல் பிடியுங்கள். அமைப்புகளுக்குள் போய்க் கட்டக் கோடுகளை இயக்கினால், படத்தின் விளிம்பு கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். மிகக் கிட்டப் போனால் உங்கள் நிழல் விழும், விளிம்புகளும் வளையும். சற்று உயர்த்திப் பிடித்து எடுங்கள். படத்தின் நான்கு ஓரங்களும் தெரிய வேண்டும். ஓரத்தை வெட்டுவதைப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

சட்டத்திலிருந்து கழற்றினால் படம் கிழிந்துவிடும் போலிருந்தால் கழற்ற வேண்டாம். கண்ணாடியில் உங்கள் உருவமே தெரிந்தால், தொலைபேசிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள், மறைந்துவிடும். ஸ்ரூடியோக்காரரின் கறுப்புத் துணி திரும்பவும் உதவிக்கு வருகிறது! பசை பூசிய தாளில் ஒட்டி, மேலே பிளாஸ்ரிக் மூடிய அல்பங்களில் இருக்கும் படங்களை இழுத்து உரிக்க வேண்டாம். முகத்தோடு உரிந்து வரும். பக்கத்தோடேயே எடுத்துவிடுங்கள். கூகுளின் ஃபோட்டோஸ்கான் என்ற செயலி, ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுத்துப் பளபளப்பை நீக்கித்தரும்; விரும்பினால் பிள்ளைகளைக் கேட்டு அதையும் பயன்படுத்துங்கள்.

முன்பக்கத்தை எடுத்தபின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோவின் முத்திரை, பென்சிலால் எழுதிய ஆண்டு, “அன்புத் தோழிக்கு” என்ற ஒரு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இனி அனுப்பும் முறை. வட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். கைத்தொலைபேசியில் பார்க்க அழகாக இருக்கும். அச்சில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஏ4 அளவு முழுப் பக்கத்துக்கு 2480க்கு 3508 புள்ளிகள். இன்றைய சாதாரணத் தொலைபேசியும் இவ்வளவைத் தருகிறது. நாம்தான் வழியில் தொலைத்துவிடுகிறோம். இணைக்கும் அடையாளத்தைத் தொட்டு, கலரிக்குப் பதிலாக டொக்கியுமென்ட் என்பதைத் தெரிந்து அனுப்புங்கள். எடுத்தபடியே வந்து சேரும். மின்னஞ்சலில் இணைத்தாலும் சரி. வட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பிறருக்கு அனுப்பாமல், முதலில் எடுத்தவரிடம் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். அழகுபடுத்தும் ஃபில்ரர்களையும் விட்டுவிடுங்கள். நம் முகச்சுருக்கங்கள் நாம் உழைத்துச் சம்பாதித்தவை.

இனி அந்த ஆறாவது காரியம். படம் எடுத்து முடிந்ததும் அந்த ஸ்ரூடியோக்காரர் ஒரு கடதாசியில் பெயர்களைக் கேட்டு எழுதினார். இடமிருந்து வலமாக: இருப்பவர்கள், நிற்பவர்கள், வராதவர்கள். படத்தோடு ஒட்டிவந்த அந்த மட்டைதான் அறுபது ஆண்டுகளின் பின் ரீச்சரை எங்களுக்குக் காட்டித்தந்தது.

பெயர் இல்லாத படத்துக்கு என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண்மணி, உலகின் பெரும் படக் கலைஞர்களுள் ஒருவராக மதிக்கப்படுபவர். அவருக்கு முதல் கமரா கிடைத்தது 1863இல், 48ஆவது வயதில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த தம் வீட்டின் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கிக்கொண்டு படம் எடுத்தார். டெனிசன், டார்வின் ஆகியோரின் முகங்களை இன்று நாம் அறிவதற்கு அவரது படங்களும் காரணம். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே மறைந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

வயது போய்விட்டது, இனி எங்கே பழகுவது என்று சொல்லும் அக்காமார், மகள் பரிசளித்த கமராவோடு 48 வயதில் தொடங்கிய இந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலருக்கும் தொலைபேசி வாங்கித்தந்தது மகள்தானே!

ஆனால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அவர் இலங்கையிலும் படங்கள் எடுத்தார். களுத்துறைக் குடியானவர்கள், இலங்கைப் பெண் என்பது போன்ற தலைப்புகளோடு அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கிறது. நம் நாட்டுப் பெண்ணுக்கு முகம் மட்டும்தான் இருக்கிறது. அவள் யாருடைய அம்மம்மா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. பெயரைக் கேட்டு எழுத ஒரு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

நம்மை நாமே அப்படி ஆக்கிக்கொள்ள வேண்டாம். படத்தை அனுப்பும்போது ஆண்டு, நிகழ்வு, இடம், பெயர்கள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். பெயர் தெரியாதவர் இருந்தால் அந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். மூத்தவர்களிடம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் கேட்கும்போது, அவர்கள் சொல்வதைத் தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரோடு ஒரு கதையும் சேர்ந்து வரும்.

எடுத்த படம் ஒரு தொலைபேசியில் மட்டும் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். தொலைபேசி கிணற்றில் விழும்; பஸ்ஸில் தொலையும். இன்னொரு பிரதி கணினியில், இன்னொன்று வேறு ஊரிலிருக்கும் உறவினரிடம் இருக்கட்டும். நம் மலர் வெளிவந்ததும் அதன் பிரதியொன்றை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணிவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கவும் எண்ணியுள்ளோம். ஓரிடத்தில் மட்டும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை அனுபவித்தவர்கள் நாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எவரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்காமல் பொதுவெளியில் போடாதீர்கள். குறிப்பாகப் பிள்ளைகளின் படங்களையும், உடல்நலம் குன்றியிருப்பவர்களின் படங்களையும். தலை வாரி, நல்ல சேலை உடுத்திக்கொள்ள ஐந்து நிமிடம் கேட்டால், அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்.

நிறைவாக, நாம் கல்லூரியில் படித்தவர்கள் அல்லவா? வீட்டுவேலை இல்லாமல் வகுப்பு முடியாது. இந்த வாரத்துக்கு இரண்டு வேலைகள் தருகிறோம்.

முதலாவது: உங்கள் வீட்டில், அல்லது உங்கள் ஊரில், கல்லூரியோடு தொடர்புள்ள மிக மூத்த ஒருவரிடம் போங்கள். முதலில் கொஞ்ச நேரம் இருந்து கதையுங்கள். பிறகு கதிரையை வெளிச்சத்தின் பக்கம் திருப்புங்கள். வில்லையைத் துடைத்து, குனிந்து, முகத்தைத் தொட்டு, அவரை மட்டும் ஒரு படம் எடுங்கள். அதன் பிறகு உங்கள் செல்ஃபியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: உங்களிடமுள்ள பழைய கல்லூரிப் படமொன்றை யன்னலருகே வைத்து எடுத்து, பெயர்களோடு எங்களுக்கு அனுப்புங்கள்.

மலரில் ‘இவர்கள் யார்?’ என்று ஒரு பகுதி இருக்கும். பெயர் தெரியாத முகங்களை அங்கே எண்ணிட்டுப் போடுகிறோம். உலகில் எங்கிருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து சற்று நேரம் பாருங்கள். அதில் உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ பக்கத்து மேசைத் தோழியோ இருக்கக்கூடும்.

ரீச்சரின் பக்கத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் போடப்போகிறோம். இளம் வயதில், சிரிப்பை அடக்கியபடி இருப்பார். எங்களுக்கு அரிச்சுவடி சொல்லித்தந்தபோது அப்படித்தான் இருந்தார். ஆகவே அதில் குறையொன்றுமில்லை. ஆனால் தொண்ணூறு வயதிலும் எங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுத்துப்பிழையையும் நினைவில் வைத்திருந்த அந்த முகத்தை, அதைக் காணாத உங்களுக்குக் காட்ட எங்களிடம் வழியில்லை. உங்களுக்கு அப்படி நேராதிருக்கட்டும்.

 வாழ்க நம் கல்லூரி அன்னை! வணக்கம்.